போட்டியும் நடக்கட்டும், கணக்கும் வரட்டும்: வாசகர் கேள்வி பதில்

2030 காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்துக்கு என்று 2025 நவம்பர் 26ஆம் தேதி கிளாஸ்கோவில் முடிவாகிவிட்டது. 2036 ஒலிம்பிக்கும் எங்களுக்கு வேண்டும் என்று இந்தியா 2024 அக்டோபரிலேயே விருப்பக் கடிதம் கொடுத்திருக்கிறது, அதற்கு இன்னும் முடிவு வரவில்லை. இதைப் பற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிப் பேர் கொதிக்கிறார்கள், பாதிப் பேர் குதிக்கிறார்கள். அதனால் இந்த இதழில் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

2010ல் டெல்லியில் நடந்த கூத்தைப் பார்த்த பிறகும் மறுபடி காமன்வெல்த், ஒலிம்பிக் என்று கிளம்புகிறார்களே? எங்கள் பக்கத்துக் குழந்தைகளின் பல் புளோரைடு தண்ணீரால் பழுப்பேறிப் போனது. அதற்கு நல்ல தண்ணீர் கொண்டுவர எத்தனை வருஷம் இழுத்தார்கள்! விளையாட்டு என்றால் மட்டும் பணம் எங்கிருந்து கொட்டுகிறது?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், காவேரிப்பட்டணம்

ஐயா, உங்கள் கோபத்தில் ஒரு எழுத்தைக்கூட நான் குறைக்க மாட்டேன். 2010 அக்டோபர் 3ஆம் தேதி தொடக்க விழா, செப்டம்பர் 21ஆம் தேதி நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து விழுந்து வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அடிபட்டார்கள். வீரர்கள் தங்க வேண்டிய குடியிருப்பு இருந்த லட்சணத்தை உலகமே போட்டோவில் பார்த்தது. அமைப்புக் குழுத் தலைவராக இருந்த சுரேஷ் கல்மாடியை அடுத்த வருஷம் ஏப்ரலில் சிபிஐ கைது செய்தது. இதையெல்லாம்விட எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பட்டியல் சாதி மக்களின் நலனுக்கென்று டெல்லி அரசிடம் ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் 600 கோடி ரூபாய்க்கு மேல் இந்தப் போட்டிக்கான வேலைகளுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள், அது நாடாளுமன்றத்தில் கேள்வியாகி, தவறுதான் என்று அரசே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

நீங்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்டதால் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். நம் இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 1,900 கோடி, அதிலும் பெரும்பகுதி ஜப்பானிடம் வாங்கிய கடன். 2008ல் அடிக்கல் நாட்டி 2013ல் திறந்தார்கள். டெல்லிப் போட்டிக்கு ஆன மொத்தச் செலவு, மத்தியத் தணிக்கைத் துறை 2011ல் கொடுத்த அறிக்கைப்படி, 18,500 கோடிக்கு மேல். ஒன்பது ஒகேனக்கல் திட்டத்துக்கு ஆகிற பணம். பழுப்பேறிய பல்லோடும் வளைந்த காலோடும் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய ஆசிரியருக்கு இந்தக் கணக்கைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் ஐயா, அதே 2010 அக்டோபரில் நடந்த இன்னொன்றும் இருக்கிறது. பெண்கள் வட்டெறிதலில் கிருஷ்ணா பூனியா தங்கம், ஹர்வந்த் கவுர் வெள்ளி, சீமா அன்டில் வெண்கலம், மூன்று மெடலும் நமக்கே. 1958ல் மில்கா சிங் வாங்கிய தங்கத்துக்குப் பிறகு காமன்வெல்த் தடகளத்தில் இந்தியா தங்கமே வாங்கியதில்லை, 52 வருஷம். கீதா போகட் மல்யுத்தத்தில் ஜெயித்ததும் அங்கேதான். மொத்தம் 101 மெடல், அதில் 38 தங்கம். அந்தப் பெண்கள் யாரும் ஒரு ரூபாய் திருடவில்லை. திருடியவர்கள் மேல் உள்ள கோபத்தில் அவர்கள் வாங்கிய மெடலையும் சேர்த்துத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை.

நம் ஊர் மாரியம்மன் திருவிழாவில் என்ன செய்கிறோம்? வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வாங்கி, வாணவேடிக்கை, கரகம், கூத்து என்று ஊரே கொண்டாடிவிட்டு, விழா முடிந்த அடுத்த வாரம் கோயில் திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்து வரவு செலவு வாசிக்கிறோம், பந்தல்காரருக்கு இவ்வளவு, சீரியல் செட்டுக்கு இவ்வளவு என்று. அங்கே எழுந்து "இந்த ஐயாயிரம் எதுக்குப்பா?" என்று கேட்கிறவரை யாரும் ஆத்தாவுக்கு விரோதி என்று சொல்வதில்லை. கேட்கிற அவரேதான் விழாவன்று முன்னால் நின்று தேர் வடம் பிடித்தவராகவும் இருப்பார். அகமதாபாத் விஷயத்தில் எனக்கு வேண்டியது இவ்வளவுதான். முதல் செங்கல் வைப்பதற்கு முன்னாலேயே நோட்டைப் பிரியுங்கள், வருஷா வருஷம் வாசியுங்கள். 2011ல் தணிக்கை அறிக்கை வந்தபோது எல்லாம் முடிந்து பத்து மாசம் ஆகியிருந்தது, அப்போது வாசித்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

இந்தியாவில் ஒலிம்பிக் நடக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தால் வகுப்பில் எல்லோரும் கிண்டல் பண்ணுகிறார்கள். "முதல்ல ரோடு போடச் சொல்லு" என்கிறார்கள். ஆசைப்படுவது அவ்வளவு பெரிய தப்பா?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

தப்பே இல்லைம்மா. ஸ்டேட்டஸை எடுக்காதே.

2022ல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாய். ரஷ்யாவில் நடக்க வேண்டியது, உக்ரைன் போரால் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள், தமிழ்நாடு நாங்கள் நடத்துகிறோம் என்று கேட்டு வாங்கியது. கையில் இருந்தது நாலு மாசம்தான். அப்போதும் "இது நம்மால் ஆகிற காரியமா, கடைசியில் மானம் போகப் போகிறது" என்று பேசியவர்கள் நிறைய. என்ன ஆனது? ஜூலை 28ல் தொடங்கி 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஆடிவிட்டு நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஏற்கனவே இருந்த ஓட்டல் வளாகத்திலேயே நடத்தினார்கள், செஸ்ஸுக்கு மேசையும் நாற்காலியும் குளிர்ந்த கூடமும் போதும், அதனால் போட்டி முடிந்த பிறகு பூட்டிப் போட வேண்டிய ஸ்டேடியம் எதுவும் மிஞ்சவில்லை. இதை நீ உன் வகுப்பில் சொல்லலாம். ஆனால் ஒலிம்பிக் அப்படி இல்லை, முப்பதுக்கு மேல் விளையாட்டு, அதில் பலவற்றுக்குத் தனித்தனி அரங்கம் வேண்டும், அதையும் சேர்த்தே சொல், அப்போதுதான் உன் பேச்சுக்கு மரியாதை இருக்கும்.

அந்த ஒலிம்பியாடில் குகேஷுக்கு 16 வயது. இந்தியாவின் இரண்டாவது அணியில் முதல் பலகையில் உட்கார்ந்து முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்தார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம், கையில் இருந்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். தலையைக் கவிழ்த்துக்கொண்டு அந்தப் பையன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. உஸ்பெகிஸ்தான் தங்கம் வாங்கியது, நம் அணிக்கு வெண்கலம். இரண்டு வருஷம் கழித்து சிங்கப்பூரில் அதே பையன் உலக சாம்பியன். நம் ஊரில் போட்டி நடத்தியதால்தான் அவர் சாம்பியன் ஆனார் என்று நான் சொல்ல வரவில்லை, அவருக்குப் பின்னால் வருஷக்கணக்கான உழைப்பும் பெற்றோர் பட்ட பாடும் இருக்கிறது. ஆனால் பென்னாகரம் பக்கம் ஒரு அரசுப் பள்ளி வராண்டாவில், சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் 64 கட்டம் போட்டு, யானைக்குப் பதில் ஷார்ப்னரும் சிப்பாய்க்குப் பதில் புளியங்கொட்டையும் வைத்து இரண்டு பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால், "ஒலிம்பியாட் வந்தப்போ ஸ்கூல்ல போட்டி வெச்சாங்க சார், அப்போ கத்துக்கிட்டோம்" என்றார்கள். அந்தச் சமயத்தில் அரசுப் பள்ளிகளில் வரிசையாகப் போட்டி நடத்தியது இப்படி எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் ஆசைக்கு இது ஆதாரம்.

ரோடு கேட்கிற நண்பர்களிடம் சண்டை போடாதே. அவர்கள் கேட்பதும் தேவையானதுதான்.

நாங்க ஊர்க்காரங்க கொஞ்ச பேரு பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை செய்யறோம். இந்தப் போட்டிக்கெல்லாம் ஸ்டேடியம் கட்டினா எங்களை மாதிரி ஆளுங்களுக்கு வேலை கிடைக்கும்னு மேஸ்திரி சொல்றாரு. நிஜமாவே எங்களுக்கு நல்லதா?
– கட்டுமானத் தொழிலாளி, பென்னாகரம்

வந்த கடிதங்களிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையதுதான் தம்பி. நடத்தலாமா வேண்டாமா என்று எல்லோரும் பேசுகிறோம், கட்டுகிறவரைப் பற்றி நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்கள்.

வேலை கிடைக்கும். ஆனால் முன்னால் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். 1982ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அப்பு என்கிற யானைக்குட்டி சின்னம், மேம்பாலங்கள், கலர் டிவி வந்த வருஷம் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அந்த மேம்பாலத்தையும் ஸ்டேடியத்தையும் கட்ட ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒடிசாவிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்திருந்தார்கள். அன்றைக்குக் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. நடுவில் இருந்த ஜமேதார், அதாவது உங்கள் மேஸ்திரி மாதிரி ஆள் பிடித்துக் கொடுத்தவர், தலைக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசுதான் கையில் கொடுத்தார். ஜனநாயக உரிமைக்காகப் பாடுபட்ட ஒரு மக்கள் அமைப்பு இதை விசாரித்து உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதிக்குக் கடிதம் போட்டது, அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டார்கள். போட்டி தொடங்க இரண்டு மாசம் இருக்கும்போது, செப்டம்பர் 18ஆம் தேதி, தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு, அரசியலமைப்பின் 23ஆவது பிரிவுக்கு விரோதம் என்று சொன்னார்கள். காண்ட்ராக்டர் தப்பு செய்தால் எனக்குத் தெரியாது என்று வேலையைக் கொடுத்த அரசுத் துறை ஒதுங்கிக்கொள்ள முடியாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

இந்தத் தீர்ப்பைப் பற்றி நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாருமே சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கு வருத்தம். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பெங்களூர் பஸ்ஸுக்கு பையும் பாயும் வைத்துக்கொண்டு நிற்கிற ஒவ்வொருவருக்கும் சேர வேண்டிய தீர்ப்பு அது.

அதனால் வேலைக்குப் போங்கள், போகிறபோது சிலதைப் பிடிவாதமாகச் செய்யுங்கள். உங்கள் பெயர் காண்ட்ராக்டரின் வருகைப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். போன நாள், வாங்கிய பணம் இரண்டையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள், போனில் போட்டோ எடுத்தாலும் சரி. பணத்தைக் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கில் கேளுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர் உங்களில் இருந்தால் உடனே செய்யச் சொல்லுங்கள். பெல்ட்டும் ஹெல்மெட்டும் கொடுக்காத சைட்டில் மேலே ஏறவே ஏறாதீர்கள். போட்டிக்குத் தேதி குறித்துவிட்டால் கடைசி மாசங்களில் ராத்திரி பகல் பார்க்காமல் விரட்டுவார்கள், விபத்துக்கு வழி அங்கேதான் பிறக்கிறது.

என் மகள் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறாள். காலையில் ஐந்து மணிக்கு மைதானத்துக்குக் கூட்டிப் போனால் ஒரு நாள் பொருட்காட்சி, ஒரு நாள் கட்சிக் கூட்டம். இருக்கிற ஒரு மைதானத்தை விட முடியாதவர்கள் ஒலிம்பிக் நடத்தி என்ன கிழிக்கப் போகிறார்கள்?
– ஒரு தாய், கிருஷ்ணகிரி

அம்மா, கூட்டம் முடிந்த மறுநாள் மைதானம் எப்படி இருக்கும் என்று உங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். நம் பக்கத்து மைதானம் ஒன்றில் நான் பார்த்தது: பந்தல் கால் நட்ட குழி அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது, தண்ணீர் பாக்கெட், துருப்பிடித்த ஆணி, நீளம் தாண்டுகிற மணல் தொட்டியில் சோற்று இலை. கோச் வருவதற்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து ஆணி பொறுக்கிக்கொண்டே ஒரு சுற்று நடக்கிறார்கள். அப்புறம்தான் ஓட்டம். வெறுங்காலில் ஓடுகிற பிள்ளைகள் அதில் பாதி.

பெரிய போட்டி நடத்துகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சி. ஆனால் போட்டியே வேண்டாம் என்று விட்டால் உங்கள் மைதானத்தில் பந்தல் போடாமல் இருப்பார்களா? அந்தப் பணம் கிருஷ்ணகிரிக்கு வருமா? எனக்கு நம்பிக்கையில்லை. நம் மாநிலத்தில் போட்டி நடந்ததால் மிஞ்சியதையும் பாருங்கள். 1995ல் சென்னையில் தெற்காசிய விளையாட்டு நடந்தபோது கட்டிய வேளச்சேரி நீச்சல் குளம் அப்புறம் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பயிற்சிக் களமானது. 2025 கடைசியில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பையைச் சென்னையோடு சேர்த்து மதுரையிலும் நடத்தினார்கள், 24 நாட்டு அணிகள், இந்தியா வெண்கலம் வாங்கியது. அதனால் மதுரைக்குச் செயற்கைத் தரையோடு ஒரு ஹாக்கி அரங்கம் கிடைத்தது. அந்தத் தரையில் தினம் தண்ணீர் பாய்ச்சிப் பராமரித்து உள்ளூர்ப் பிள்ளைகளை ஆட விட்டால்தான் அது அரங்கம், பூட்டு போட்டால் பாய் விரித்த கட்டடம்.

நீங்கள் கேட்க வேண்டியதை எழுத்தில் கேளுங்கள். மைதானத்தை விளையாட்டு தவிர மற்றதற்கு எத்தனை நாள் கொடுத்தீர்கள், எவ்வளவு வாடகை வந்தது, அந்தப் பணத்தில் மைதானத்துக்கு என்ன செய்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய் செலவு. தனியாகப் போடாதீர்கள், காலையில் பிள்ளைகளைக் கூட்டி வருகிற பெற்றோர் எல்லோரும் ஆளுக்கொன்று போடுங்கள்.

வெளிநாட்டில் மக்களே ஓட்டுப் போட்டு ஒலிம்பிக் வேண்டாம் என்கிறார்களாமே?
– தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

ஆமாம். 1976 குளிர்கால ஒலிம்பிக் கையில் கிடைத்த பிறகும் அமெரிக்காவின் டென்வர் நகரம் இருக்கிற கொலராடோ மாநில மக்கள் 1972ல் ஓட்டுப் போட்டு வேண்டாம் என்றார்கள். ஹாம்பர்க் மக்கள் 2015ல், கால்கரி மக்கள் 2018ல், போட்டி கைக்கு வருவதற்கு முன்னாலேயே ஓட்டுப் போட்டு வேண்டாம் என்றார்கள். 1976ல் நடத்திய மான்ட்ரியல் அந்தக் கடனை 2006ல்தான் அடைத்து முடித்தது, முப்பது வருஷம். காமன்வெல்த்திலும் 2022 போட்டி டர்பனிடமிருந்து கைமாறியது, 2026க்கு ஒப்புக்கொண்ட ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் செலவு கட்டுப்படியாகாது என்று விலகி, கிளாஸ்கோ பத்து விளையாட்டோடு சுருக்கி எடுத்துக்கொண்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் மட்டும் 1984ல் பழைய ஸ்டேடியத்தையே வைத்துக்கொண்டு லாபம் பார்த்தது.

நம்மிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் நடத்தலாம் என்றுதான் போட்டிருப்பேன், கிளாஸ்கோ மாதிரி அளவாக நடத்துங்கள் என்கிற நிபந்தனையோடு.

2036ல எனக்கு 23 வயசு ஆகும். நான் உயரம் தாண்டுவேன். இப்போ ஆரம்பிச்சா போக முடியுமா?
– எட்டாம் வகுப்பு மாணவன், அரூர்

முடியும் தம்பி. நமக்குப் பக்கத்துச் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு உன்னை மாதிரி கிராமத்துப் பள்ளியில் படித்தவர்தான். சின்ன வயதில் பஸ் சக்கரம் ஏறி ஒரு கால் பாதிக்கப்பட்டது, அம்மா காய்கறி விற்றவர், பள்ளிக்கூடத்து பி.டி. சார்தான் அவரைத் தாண்ட வைத்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம்.

ஒலிம்பிக் எந்த ஊரில் நடக்கிறது என்பதை நீ விட்டுவிடு, அகமதாபாத்தோ வேறு நாடோ, தாண்ட வேண்டிய கம்பி ஒன்றுதான். நாளைக்கே உன் பி.டி. சாரிடம் போய் முதலமைச்சர் கோப்பைக்கு எப்போது பதிவு தொடங்கும் என்று கேள், ஆன்லைனில் அவரே போட்டுக் கொடுப்பார். எட்டாம் வகுப்பு என்றால் அடுத்த வருஷம் ஒன்பதில் அரசு விளையாட்டு விடுதிக்குத் தேர்வு எழுதலாம், எழுதுவது என்றால் பேனாவால் இல்லை, மாவட்ட மைதானத்தில் தாண்டிக் காட்ட வேண்டும். தர்மபுரியில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் தேதி ஒட்டுவார்கள். ஆதார் அட்டை, பிறப்புச் சான்றிதழ், பள்ளியில் வாங்கும் போனஃபைடு மூன்றையும் அப்பாவிடம் சொல்லி இப்போதே நகல் எடுத்து வைத்துக்கொள், தேதியில் எழுத்துப்பிழை இருந்தால் இந்த லீவிலேயே திருத்திவிடு.